ராயபுரமும் உலகப் பட்டியலும்

வட சென்னையைப் பற்றி நம்மில் பலருக்கு உள்ள அபிப்பிராயம் மூக்கின் வழியாக வந்தது. ராயபுரம் என்றால் மீன் வாடை, திருவொற்றியூர் என்றால் தொழிற்சாலை வாடை, எண்ணூர் என்றால் நிலக்கரிச் சாம்பல். கன்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் வரிசையாக நிற்கும் சாலையைச் சொல்வார்கள். அலை அரித்துவிடாமலிருக்கக் கருங்கல் கொட்டிய கடற்கரையைச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் பேச்சை மயிலாப்பூருக்குத் திருப்பிவிடுவார்கள். அந்தப் பகுதியில் உலகமே பொறுப்பேற்றுக் காப்பாற்ற வேண்டிய கட்டடம் ஒன்று இருக்கிறது என்று நான் சொன்னபோது நண்பர் ஒருவர், "எது? மீன்பிடித் துறைமுகமா?" என்று கேட்டார். நிறையப் படித்தவர், மாமல்லபுரத்தை நாலு தடவை பார்த்தவர். அவர் சிரித்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. நான் மனத்தில் வைத்துக்கொண்டிருந்தது ராயபுரம் ரயில்வே ஸ்டேஷனை.

இந்த "உலகப் பாரம்பரியச் சின்னம்" என்ற பட்டம் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எகிப்து தேசத்தார் நைல் நதிக்குக் குறுக்கே அஸ்வானில் பெரிய அணை கட்டத் தீர்மானித்தார்கள். தேசத்துக்குத் தண்ணீரும் மின்சாரமும் வேண்டும். அதைத் தப்பென்று யார் சொல்ல முடியும்? ஆனால் அணை எழுந்தால், மூவாயிரம் வருஷங்களுக்கு முன் ராம்சேஸ் மன்னன் மலையைக் குடைந்து செய்வித்த அபு சிம்பெல் கோயில் முழுகிப் போகும். 1960-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் உலக நாடுகளுக்கு வேண்டுகோள் விடுத்தது. சுமார் 50 நாடுகள் பணம் கொடுத்தன. கோயிலைக் கல் கல்லாக அறுத்து, அறுபது மீட்டருக்கு மேல் உயரமான இடத்தில் மறுபடியும் பொருத்தி, 1968-ல் வேலையை முடித்தார்கள். ஒரு தேசத்தின் சொத்து எல்லாத் தேசங்களின் சொத்தாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் அப்போதுதான் வலுப்பெற்றது. 1972-ல் அது ஓர் உடன்படிக்கையாயிற்று. 1977-ல் இந்தியாவும் அதில் சேர்ந்தது.

பட்டம் கொடுப்பதற்குப் பத்து அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள். ஆறு மனிதன் செய்தவற்றுக்கு, நாலு இயற்கைக்கு. பத்தில் ஒன்றுக்குப் பொருந்தினாலும் போதும். பொருந்தினால் மட்டும் போதாது. இடம் அசல் தன்மை கெடாமல் இருக்க வேண்டும், சிதைந்துபோகாமல் முழுமையாக இருக்க வேண்டும், அதைக் காப்பதற்குச் சட்டமும் ஆளும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மாமல்லபுரம் 1984-லும், தஞ்சைப் பெரிய கோயில் 1987-லும் இந்தப் பட்டியலில் ஏறின. கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004-ல் தஞ்சையோடு சேர்ந்தன. நீலகிரி மலை ரயில், மேற்குத் தொடர்ச்சி மலை, கடைசியாக 2025-ல் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சி. சென்னை நகரத்திலிருந்து ஒன்றுகூட இல்லை.

கோயிலும் கோட்டையும் மலையும் சரி, ரயிலுக்கும் அங்கே இடமுண்டா என்று கேட்கலாம். நன்றாக உண்டு. ஆஸ்திரியாவில் ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் ஸெம்மரிங் ரயில் பாதைதான் முதலில் பட்டம் வாங்கியது, 1998-ல். அது 1854-ல் கட்டி முடிந்த பாதை. அடுத்த வருஷம் டார்ஜிலிங்கின் பொம்மை ரயிலுக்குக் கிடைத்தது. 2005-ல் நம்முடைய ஊட்டி ரயிலுக்கு. இடையில் 2004-ல் பம்பாய் விக்டோரியா டெர்மினஸ். இன்று அதற்குச் சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் என்று பெயர். ஆகவே தண்டவாளம் கிடக்கும் இடம் என்பதற்காக யாரும் ராயபுரத்தை வாசலிலேயே தடுத்து நிறுத்திவிட முடியாது.

இனி ராயபுரத்தின் ஜாதகத்தைப் பார்க்கலாம்.

நம் தேசத்தில் பிரயாணிகளுக்கான ரயில் மூன்று இடங்களில் தொடங்கியது. பம்பாயில் போரி பந்தரிலிருந்து தாணாவுக்கு 1853 ஏப்ரல் 16-ந் தேதி. கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு 1854 ஆகஸ்டு 15-ந் தேதி. சென்னையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை முதல் தேதி. ராயபுரம் ஸ்டேஷனைத் திறந்துவைத்தவர் அப்போதைய கவர்னர் ஹாரிஸ் பிரபு. ரயில் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்னதாக, ஜூன் 28-ந் தேதி. (இதற்கும் முன்பே, 1837-ல், செங்குன்றத்திலிருந்து சாலை போடுவதற்குக் கல் ஏற்றிவந்த ரயில் ஒன்று இருந்தது. அதில் ஏறினது கல்தானே தவிர மனிதர் இல்லை. ஆகையால் அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறேன்.)

முதல் ஸ்டேஷன் என்ற பெருமை பம்பாய்க்குத்தான். சந்தேகமில்லை. ஆனால் அந்த போரி பந்தர் ஸ்டேஷன் எங்கே? இடித்தாயிற்று. பத்து வருஷ வேலைக்குப் பின் 1888-ல் முடிந்த விக்டோரியா டெர்மினஸ் அதற்குப் பதிலாக வந்தது. ஹௌராவில் முதலில் இருந்தது வெறும் கொட்டகைதான். இன்று நாம் பார்க்கும் மாளிகை 1905-ல் எழுந்தது. மூன்று ஆரம்பங்களில் மூன்றாவதான ராயபுரம் மட்டும், தான் பிறந்த அதே கட்டடத்தில் இருக்கிறது. இந்தியாவில் நின்றுகொண்டிருக்கும் ஸ்டேஷன் கட்டடங்களில் மிகப் பழமையானது இதுதான். உயர்ந்த தூண்கள் வரிசை பிடித்து நிற்கும் முன் தாழ்வாரம். வீடா, கச்சேரியா, நடன மண்டபமா என்று சந்தேகப்படும்படியான தோற்றம். ரயில்வே ஸ்டேஷன் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று கட்டியவர்களுக்கே அப்போது நிச்சயமாகத் தெரியாது. இங்கிலாந்திலேயே அந்த விஷயம் ஒரு தலைமுறைக்கு முன்னால்தான் பிறந்திருந்தது. ஆகையால் பெரிய மனிதர் வீட்டைப் போலக் கட்டினார்கள். அந்தத் தடுமாற்றம்தான் எனக்கு அதில் பிடித்த அழகு.

இதைவிட என் மனத்தைப் பிடித்துக்கொண்ட விஷயம் வேறு ஒன்று. 1853-ல் சென்னை ரயில் பாதை வேலை ஆரம்பமானபோது சென்னைக்குத் துறைமுகமே கிடையாது! கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் ஒன்று 1861-ல் வந்தது. அலை தடுக்கும் சுவர்களை 1870-களின் நடுவில் கட்ட ஆரம்பித்து, முடிகிற சமயத்தில் 1881-ம் வருஷத்துப் புயல் வந்து சிதைத்துவிட்டுப் போயிற்று. அதற்கு முன்னெல்லாம் கப்பல்கள் கரைக்கு வெகு தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கவர்னரானாலும் கடுதாசி மூட்டையானாலும் மசூலாப் படகில்தான் கரைக்கு வரவேண்டும். அந்தப் படகில் இரும்பு ஆணி கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது ஆணி அடித்த படகு பிளந்துபோகும்; தைத்த படகு வளைந்து கொடுத்து மிதக்கும். பக்கத்தில் கட்டுமரங்கள் கூடவே வரும், யாராவது கடலில் விழுந்தால் தூக்கிப் போட்டுக்கொள்வதற்கு.

இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த தண்டவாளங்களும் யந்திரப் பாகங்களும் இந்தக் கரைக்குத்தான் வந்து சேர வேண்டியிருந்தது. கொஞ்சம் மனத்தில் உருவகப்படுத்திப் பாருங்கள். உலகத்தில் அன்றைக்கு மிகப் புதிதான விஷயம் நீராவி ரயில். கயிற்றால் தைத்த படகைவிடப் பழைய விஷயம் அந்தக் கரையில் வேறு என்ன இருந்திருக்கும்? புதியதைப் பழையது அலைக்கு மேலே சுமந்துகொண்டு வந்து மணலில் இறக்கியது. இறக்கியவர்கள் இந்தப் பகுதிப் படகுக்காரர்கள். அவர்கள் தங்கள் சொந்தச் செலவில் எழுப்பிய இராயப்பர் கோயில் ஸ்டேஷனுக்கு எட்டாத தூரத்தில் இல்லை. இராயப்பர் என்பது பீட்டர் என்ற அடியாரின் தமிழ்ப் பெயர். அவரும் ஒரு மீனவர்தான். அவர் பெயரால் ராயபுரம். அந்த ராயபுரத்தில் தென்னாட்டின் முதல் ரயில்.

நல்ல நாவலாசிரியன் எவனாவது இப்படி ஒரு சம்பவத்தைக் கற்பனை செய்து எழுதியிருந்தால், "செயற்கையாக இருக்கிறது" என்று விமரிசகர்கள் எழுதிவிடுவார்கள்.

அந்தப் பாதை மேற்கே ஓடி, 1862-ல் மலபார்க் கரையில் பேப்பூரை எட்டியது. கிழக்குக் கடலும் மேற்குக் கடலும் தண்டவாளத்தால் கட்டுண்டன. அதன் பிறகு ராயபுரத்துக்கு இறங்குமுகம். 1873-ல் சென்ட்ரல் ஸ்டேஷன் வந்தது. பிரயாணிகள் மெள்ள மெள்ள அங்கே போனார்கள். 1908-ல் எழும்பூர் வந்தது. ரயில்வேயின் தலைமைக் காரியாலயம் சிலகாலம் ராயபுரத்தில் இருந்தது. 1922-ல் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் புதுக் கட்டடம் எழும்பியதும் அதுவும் போய்விட்டது. மிச்சமிருந்தவை சரக்கு வண்டிகளும் உள்ளூர் ரயில்களும்தான். கூரை ஒழுகியது, சுவரில் ஆலங்கன்று முளைத்தது. 2005-ல் பழுது பார்த்து வர்ணம் பூசினார்கள். இப்போதும் மின்சார ரயில் அங்கே நிற்கிறது. இறங்குகிறவர்கள் கட்டடத்தைத் திரும்பிப் பாராமல் காசிமேட்டுக்கும் கல்மண்டபத்துக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

இந்த ஸ்டேஷன் பிழைத்ததற்குக் காரணம் யாரும் அதைக் காப்பாற்ற நினைத்ததல்ல; யாரும் அதை நினைக்கவே இல்லை, அதுதான் காரணம். போரி பந்தர் செழித்தது, ஆகையால் இடிபட்டது. ராயபுரம் தாழ்ந்தது, ஆகையால் நின்றது. பழைய வீட்டை இடித்துக் கட்டுவதற்குக் கையில் பணம் வேண்டுமல்லவா?

எதிர்க்கட்சி வக்கீலாகவும் கொஞ்சம் வாதாடிப் பார்க்கிறேன். விக்டோரியா டெர்மினஸின் கோபுரத்தையும் கல் சிற்பங்களையும் பார்த்த கண்ணுக்கு ராயபுரம் ஒரு தாசில்தார் கச்சேரி மாதிரி தெரியும். வாஸ்தவம். உள்ளே பழைய சாமான்கள் எவ்வளவு மிஞ்சின என்று கேட்டால் அதற்கும் பெருமையான பதில் இல்லை. "முதன்மை" என்பது மட்டும் ஒரு தகுதியாகுமா என்றும் கேட்பார்கள். ஆனால் அளவுகோல்களில் இரண்டாவதையும் நாலாவதையும் எடுத்துப் பார்க்க வேண்டும். மனிதப் பண்பாடுகளுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கலைக் காட்டுவது ஒன்று. மனித சரித்திரத்தில் ஒரு முக்கியமான கட்டத்துக்குச் சான்றாக நிற்கும் கட்டடமோ தொழில் நுட்பமோ மற்றொன்று. அழகு போதுமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. விக்டோரியா டெர்மினஸ் வெற்றி பெற்ற ரயில்வேயின் அரண்மனை. ஊட்டி ரயில் மலையை ஜெயித்த சாமர்த்தியம். ஆரம்பத்துக்குச் சான்று எது? துறைமுகமில்லாத ஒரு கரையில் நீராவி வந்து இறங்கிய கதைக்குச் சான்று எது? அதற்கு இந்தியாவில் ஒரே ஒரு சாட்சிதான் உயிரோடிருக்கிறது.

தனியாக ஸ்டேஷனை மட்டும் அனுப்பினால் தோற்றுப் போகலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஸ்டேஷன், படகுக்காரர்களின் கோயில், பழைய கருப்பர் நகரத்தின் வடக்கெல்லை, கடற்கரை எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே கதையாகச் சொன்னால் கேட்பவர்கள் காதைக் கொடுப்பார்கள்.

"வட சென்னையில் இதைவிடப் பழைய இடம் இல்லையா? திருவொற்றியூரை விட்டுவிட்டீரே!" என்று சைவ அன்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடும். விடவில்லை. சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்து, மகிழ மரத்தடியில் சத்தியம் செய்த தலம். பட்டினத்தார் கடலோரத்தில் சமாதி கொண்ட தலம். எனக்கு அந்தக் கோயிலில் மிகவும் பிடித்தது ஒரு கல்வெட்டு. 949-ல் தக்கோலத்தில் நடந்த யுத்தத்தில், ராஷ்டிரகூட மன்னன் கன்னரதேவனின் சைன்யத்தோடு போரிட்ட சோழ இளவரசன் ராஜாதித்தன், யானை மீதிருந்தபடியே மாண்டான். அவனுக்கு உயிர் நண்பனும் தளபதியுமாக இருந்தவன் கேரள தேசத்து வல்லபன். யுத்தம் நடந்த அன்று அவன் பக்கத்தில் இல்லை. நண்பனோடு சாகக் கிடைக்கவில்லையே என்று மனம் வெதும்பி, கங்கைக்குப் போய், துறவு பூண்டு, கடைசியில் திருவொற்றியூருக்கு வந்து சதுரானன பண்டிதர் என்ற பெயருடன் மடத்துக்குத் தலைவரானான். இதைச் சொல்லும் கல்வெட்டு எந்த மன்னன் காலத்தது தெரியுமா? நண்பனைக் கொன்ற சைன்யத்துக்குத் தலைவனான அதே கன்னரதேவன் காலத்தது! அந்தப் பட்டப் பெயருடன் பின்னால் வந்த ஒரு பண்டிதரின் விருப்பப்படி, ராஜேந்திர சோழன் காலத்தில், வீரசோழத் தச்சன் என்று பெயர் பெற்ற ரவி என்பவர் கோயில் விமானத்தைக் கல்லால் கட்டினார். கட்டிய சிற்பியின் பெயர் தெரிவது நம் நாட்டில் எவ்வளவு அபூர்வம்! இலக்கணம் போதிப்பதற்கென்றே ஒரு மண்டபம் கூட அங்கே இருந்தது.

இருந்தாலும் சோழர் கோயில்களின் பிரதிநிதியாகத் தஞ்சையும் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் பட்டியலில் ஏறிவிட்டன. அந்த வரிசையில் நாலாவது நாற்காலி கேட்பது கஷ்டம். திருவொற்றியூருக்கு உலகப் பட்டம் இல்லாவிட்டாலும் பக்தர்கள் இருக்கிறார்கள், தினம் விளக்கெரிகிறது. ராயபுரத்துக்கு விளக்கேற்ற ஆள் இல்லை.

எண்ணூரைப் பற்றி எழுதுவதற்கு மனசு வரவில்லை. ஆனாலும் சில வரிகள் எழுதத்தான் வேண்டும். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் அந்தக் கழிமுகம், அலையாத்திச் செடியும் உப்பளமும் இறாலும் நண்டும் பறவைகளுமாக இருந்த இடம். வடக்கே பழவேற்காட்டு ஏரி வரை நீர் தொடர்ச்சியாகப் போகிறது. இயற்கைக்கான அளவுகோல்களை நூறு வருஷம் முன்னால் கொண்டுபோய் வைத்திருந்தால் ஒருவேளை வாதாடிப் பார்த்திருக்கலாம். அனல் மின் நிலையங்கள் வந்தன. அவற்றில் பழையது 1970-லிருந்து 2017 வரை ஓடியது. அவற்றின் சாம்பல் சேறு குழாய் உடைந்து உடைந்து ஆற்றுப் படுகையில் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகமெங்கும் பரவியது. மீனவர்களின் படகும் வலையும் கறுத்தன. கூழைக்கடா நாரைகள் இறக்கையில் எண்ணெய் ஒட்டிக்கொண்டு நின்றன. சிதையாத முழுமை வேண்டும் என்று சொல்லும் பட்டியலில் எண்ணூரை எப்படிச் சேர்ப்பது? எண்ணூருக்கு இப்போது வேண்டியது பட்டமல்ல, வைத்தியம்.

பட்டம் கொடுத்துவிட்டால் இடம் பத்திரமாகிவிடும் என்று எண்ணுகிறவர்களுக்கு லிவர்பூல் நகரத்தின் கதையைச் சொல்ல வேண்டும். அதுவும் ராயபுரத்தைப் போல் துறைமுகத்தோடு ஒட்டிய ஊர். உலக வாணிபத்தில் பெரும் பங்கு அதன் கப்பல் துறைகளின் வழியாக நடந்தது. 2004-ல், பம்பாய் ஸ்டேஷனுக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் பட்டம் கிடைத்த அதே வருஷத்தில், லிவர்பூல் துறைமுகப் பகுதிக்கும் கிடைத்தது. பிறகு நகரத்தார் பழைய துறைகளின் மேல் புதிய கட்டடங்கள் எழுப்பத் திட்டம் போட்டார்கள். எச்சரித்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. 2021-ல் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட்டார்கள். அதற்கு முன் 2009-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் பள்ளத்தாக்குக்கு, ஒரு பாலம் கட்டியதற்காக, அதே கதி நேர்ந்தது. பட்டம் தானாக வந்து எதையும் காப்பாற்றுவதில்லை. காப்பாற்றுகிற புத்தி முதலில் ஊர்க்காரர்களுக்கு வர வேண்டியிருக்கிறது.

ராயபுரம் இன்னும் அந்த வரிசையின் கடைசியில் கூட நிற்கவில்லை. முதலில் இந்திய சர்க்கார் தன்னுடைய உத்தேசப் பட்டியலில் ஓர் இடத்தைச் சேர்க்க வேண்டும். குறைந்தது ஒரு வருஷம் அதில் இருந்த பிறகுதான் யுனெஸ்கோவுக்கு மனுப் போட முடியும். ஸ்ரீரங்கமும் செட்டிநாட்டு ஊர்களும் 2014-லிருந்து உத்தேசப் பட்டியலில் காத்திருக்கின்றன. ராயபுரத்தின் பெயர் அதில் இல்லை.

இதற்கிடையில் வட சென்னை ஜனங்கள் வெகு நாளாக ஒன்று கேட்டுவருகிறார்கள். சென்ட்ரலிலும் எழும்பூரிலும் நெரிசல் தாங்கவில்லை. ராயபுரத்தைப் பெரிய டெர்மினஸாக்கி வெளியூர் ரயில்களை அங்கிருந்து விடுங்கள் என்று. மிகவும் நியாயமான கோரிக்கை. பழங்கட்டடத்தை நேசிப்பவர்களில் சிலருக்கு இதைக் கேட்டால் வயிற்றைக் கலக்குகிறது, இடித்துவிடுவார்களோ என்று. எனக்கு அந்தப் பயம் பாதிதான். விக்டோரியா டெர்மினஸில் தினம் லட்சக் கணக்கான ஜனங்கள் ஏறி இறங்குகிறார்கள். அதனால் அதன் பட்டம் போய்விடவில்லை. லண்டனில் செயின்ட் பாங்க்ரஸ் ஸ்டேஷனின் 1868-ம் வருஷத்து இரும்புக் கூரையை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் புதிய பிளாட்பாரங்களை நீட்டி, 2007-லிருந்து பாரிஸுக்கு அங்கிருந்து ரயில் விடுகிறார்கள். ராயபுரத்தில் பழைய கட்டடத்தை ஒட்டி ரயில்வேக்குச் சொந்தமான நிலம் தாராளமாகக் கிடக்கிறது. புதிய பிளாட்பாரங்களை அங்கே போட்டு, 1856-ம் வருஷத்துத் தூண்களுக்கு நடுவே ஜனங்களை உள்ளே விட்டால், டிக்கெட் வாங்க வரிசையில் நிற்கிறவன் அண்ணாந்து பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும்.